பேரம் பேசாதவர்கள்

கண்ணாடிக்காரம்மா ஒரு தக்காளியைக் கையில் எடுத்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். வாசல் வெளிச்சத்தில் உருட்டி உருட்டிப் பார்த்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கூடைக்கு மேலே தொங்கிய சிலேட்டுப் பலகையில் எழுதியிருந்த விலையைப் படித்தார். கண்ணாடியை இறக்கிக்கொண்டு இன்னொரு முறை படித்தார். கல்லாவில் உட்கார்ந்திருந்த கடைக்காரனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. நேற்றுவரை இருந்த விலையில் பாதி அது. காலையில்தான் ஈரத்துணியால் பழைய விலையைத் துடைத்துவிட்டு, புது விலையைச் சற்றுப் பெரிதாகவே எழுதியிருந்தான். அந்தப் பலகையில் ஒரு கோளாறு உண்டு. துடைத்ததும் சுத்தமாகத் தெரியும். காய்ந்த பிறகு பழைய எழுத்து மங்கலாக மேலே வரும். இன்றைக்கு அதுவும் நல்லதற்குத்தான் என்று நினைத்தான். எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு இறங்கியிருக்கிறது என்று ஜனங்களுக்குத் தெரியட்டுமே. இப்போது அந்த அம்மாள் முகம் மலரும், பையை அகல விரிப்பார், பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து அள்ளுவார் என்று காத்திருந்தான்.

அவர் தக்காளியைக் கூடையில் திரும்ப வைத்தார். யாரோ தூங்குகிற வீட்டில் கதவைச் சாத்துவதுபோல அவ்வளவு மெதுவாக.

"என்னங்க, வெலை இப்படிக் கொறைஞ்சிருக்கு?"

"வெளைச்சல் அமோகம்மா. அதான்."

"போன மாசம்கூட கோலி உருண்டை மாதிரி இருந்துச்சு. வெடிச்சு, புள்ளி விழுந்து. இது என்ன இப்படிப் பளபளன்னு இருக்கு?"

"மண்ணு தேறிடுச்சும்மா. அதே தோட்டம்தான், எங்க மச்சான் தோட்டம்."

"ம்ம்" என்றார். எதிர் அலமாரியில் இருந்த பருப்புப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்துவிட்டு அதையும் வைத்தார். "எங்க வீட்டுக்காரருக்கு இப்ப தக்காளிச் சாறு மட்டும்தான் எறங்குது. டாக்டரு வேற கண்டிப்பா சொல்லியிருக்காரு, மருந்தடிச்ச காய் ஒண்ணுகூடக் கூடாதுன்னு. அடுத்த வாரம் பார்க்கறேன்."

அடுத்த வாரம் பார்க்கிறேன் என்பதற்கு அவன் பிறந்து வளர்ந்த வீட்டில் ஒரே ஓர் அர்த்தம்தான். அப்பாவும் சித்தப்பாவும் மொத்த மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தவர்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பேச்சு வந்ததே விலை கேட்டுத்தான். என்ன விலை என்று கேட்டால் சரக்குப் பிடித்திருக்கிறது. அநியாயமாக இருக்கிறதே என்றால் வாங்கப் போகிறான். முதுகைக் காட்டி நாலு எட்டு நடந்தால் கூப்பிடு என்று அர்த்தம். ஒன்றுமே சொல்லாமல் சிரித்த முகத்தோடு பிறகு வருகிறேன் என்பவன் மட்டும் போனவன் போனவன்தான். சித்தப்பா ஒருமுறை பல் டாக்டரிடம் போய், ரெண்டு பல்லாக எடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டுவிட்டு வந்தவர். ஆடுகிற பல் ஒன்றுதான். இன்னொன்றைச் சும்மா ஒரு பேச்சுக்குச் சேர்த்துக்கொண்டார்.

அப்படிப்பட்ட வம்சத்தில் வந்தவன், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கும் ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் நடுவில் இயற்கைக் காய்கறிக் கடை திறந்தது மனைவிக்காக. மனைவிக்காகக்கூட இல்லை, அவள் அண்ணனுக்காக. அந்த மனிதர் முன்பு எல்லாரையும்போல முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு மருந்தடித்துக்கொண்டிருந்தவர்தான். ஒருநாள் வரப்பிலேயே வாயில் நுரை தள்ள விழுந்தார். ஆஸ்பத்திரியில் கண் விழித்தவரிடம், ஈரல் ஏற்கெனவே பாதிதான் இருக்கிறது, இன்னொரு தரம் அந்த டப்பாவைத் தூக்கினால் எங்களிடம் தூக்கிக்கொண்டு வராதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கு வேறு தொழில் தெரியாது. தங்கை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். "நீ மருந்தில்லாம வெளைய வைண்ணே. இவரு வித்துக் குடுப்பாரு." இவர் என்று அவள் காட்டிய ஆள் அப்போது தண்ணீர்க் குழாயைத் தேடி வராந்தாவுக்குப் போயிருந்தான். திரும்பி வந்தபோது எல்லாம் முடிவாகியிருந்தது.

கடை திறந்ததும் அவன் அவனுக்குத் தெரிந்ததைச் செய்தான். குறைத்துக் கேட்பார்கள், இறங்கி வர இடம் வேண்டும் என்று விலையை எக்கச்சக்கமாக ஏற்றி வைத்தான். முதல் நாள் ஒருவர் வந்தார், எடுத்தார், கொடுத்தார், போனார். அடுத்தவரும் அப்படியே. படி இருக்கிறது என்று காலைத் தூக்கி வைத்த இடத்தில் தரை இருந்தால் எப்படி இருக்கும், அப்படித் தடுமாறிப் போனான். ஒருவர்கூட வாயைத் திறந்து கேட்கவில்லை. அன்று சாயங்காலம் மனைவியிடம், "இவங்களுக்கெல்லாம் அப்பா அம்மா ஒண்ணுமே சொல்லித் தரலியா?" என்றான். கொஞ்ச நாளில் கூச்சம் தாங்காமல் வாசலில் ஒரே விலை என்று பலகை எழுதி மாட்டினான். செய்தி மொத்த மார்க்கெட் வரைக்கும் போய், அன்றிலிருந்து அவனுக்கு அங்கே பெயர் ஒருவிலை.

மச்சான் தோட்டம் முதல் வருடம் அழுதது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் அடித்த மருந்துக்குத் தப்பிய பூச்சியெல்லாம் குடும்பத்தோடு இங்கே குடிவந்தன. தக்காளி சின்னதாக, வெடித்து, ஓட்டை விழுந்து வந்தது. அதைத்தான் ஜனங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கினார்கள். "பாத்தீங்களா, பூச்சியே திங்குது. அப்போ நாம திங்கலாம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மனைவி கெட்டிக்காரி. இரண்டாவது வாரமே கூடையில் அடுக்கும்போது ஓட்டை விழுந்த பக்கம் மேலே இருக்கும்படி வைக்கக் கற்றுக்கொண்டாள். மற்ற கடைகளில் சொத்தையை அடியில் ஒளிப்பார்கள், இங்கே அதுதான் முகப்பு. விளைச்சல் கொஞ்சம், விலை அதிகம், கணக்கு எப்படியோ நேராகிவிட்டது. மச்சான் நிறம் திரும்பியது. சாப்பிட்டு முடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தார். தங்கை அதைக் கேட்டு அடுப்படிக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவாள்.

இந்தப் பருவத்தில்தான் மண் தேறியது. பறவை வந்தது, குளவி வந்தது, பூச்சியைத் தின்கிற பூச்சி வந்தது. மச்சான் தொலைபேசியில் கத்தினார்: "மாப்ளே, செடி பாரம் தாங்கல! குச்சி நட்டு முட்டுக் குடுத்திருக்கேன். எத்தனை பெட்டி வேணும்னு மட்டும் சொல்லு!" வேனில் வந்து இறங்கியவை பார்க்கப் பார்க்கத் தெவிட்டாத தக்காளிகள். கைக்கு அடக்கமாக, ஒரே சிவப்பாக, தோலில் சன்னல் தெரிகிற அளவு மினுமினுப்பாக. மச்சான் பெட்டிகளுக்குப் பக்கத்தில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு நின்றார். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கும் தகப்பன்போல இருந்தது அவர் நிற்பது.

சரக்கு பெருத்தால் விலை இறங்க வேண்டும். இதை யாரும் அவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, ரத்தத்தில் இருந்தது. மனைவிதான் லேசாகத் தடுத்தாள்.

"ஏங்க, யாரும் கேக்காமலே கொறைக்கலாமா?"

"கேக்கத் தெரியாத ஜனங்கடி. நாமளா பாத்து எறங்கினாத்தான் உண்டு."

அப்பா உயிரோடிருந்தால் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டிருப்பார். எதிராளி வாயைத் திறக்கும் முன்னால் தானாக இறங்குகிறவன், தன் சரக்கில் ஏதோ கோளாறு என்று தண்டோரா போடுகிறான். மார்க்கெட்டில் சின்னப் பிள்ளைக்குத் தெரியும் இது. ஆனால் இந்த ஜனங்களுக்கு மார்க்கெட் வழக்கம் எதுவும் பொருந்தாது என்று அவன் நம்பிவிட்டான். இது ஒன்று மட்டும் பொருந்தியது.

கண்ணாடிக்காரம்மாவுக்குப் பிறகு உடற்பயிற்சிக்கூடத்து மாஸ்டர் வந்தார். ஒரு தக்காளியை எடுத்து நகத்தால் சுரண்டினார். "அண்ணே, இதுல மெழுகு தடவறாங்களாமே, வீடியோவுல பாத்தேன்." அவருக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு பெண் கைபேசியை நீட்டித் தக்காளியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள், விபத்து நடந்த இடத்தைப் பிடிப்பதுபோல. வேறொருவர் ஒன்றே ஒன்று வாங்கிப்போய் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்துவிட்டு, தண்ணீர் நிறம் மாறியதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். தக்காளியை உப்பில் போட்டால் வேறு என்ன ஆகும் என்று கேட்க ஆளில்லை. தோட்டத்தைப் பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டான். நேரமில்லை, நீங்கள் சொன்னால் சரிதான் என்று சொல்லிவிட்டு வாங்காமல் போனார்கள்.

ஒரு வாரம் பொறுத்துவிட்டு விலையைப் பழைய இடத்துக்கே ஏற்றினான். அது அதைவிட மோசமாயிற்று.

"அப்போ போன வாரம் மட்டும் எப்படிப் பாதிக்குக் குடுக்க முடிஞ்சுது?" என்றார் மாஸ்டர். கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்போலக் கேட்டார். "இத்தனை நாளும் நீங்க எங்ககிட்ட வாங்கினதெல்லாம்…" என்று இழுத்துவிட்டு, வாக்கியத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

குறைத்தபோது சரக்கின்மேல் சந்தேகம். ஏற்றியபோது ஆளின்மேல் சந்தேகம். தெருமுனைப் பெரிய கடையில் இயற்கைக் காய்களுக்கென்று புதிதாகத் தனி அலமாரி போட்டிருந்தார்கள். கண்ணாடிக்காரம்மா அங்கிருந்து, இலைப்படம் அச்சடித்த பிளாஸ்டிக் டப்பாவோடு எதிர்ச் சாரியில் போவதை அவன் கல்லாவிலிருந்து பார்த்தான். அவனைப் பார்த்ததும் டப்பாவை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். அந்த மரியாதைதான் வலித்தது.

கடைக்குப் பின்னால் உள்ள அறையில் பெட்டிகள் கூரைக்கு ஏறிக்கொண்டிருந்தன. அந்த அறையில் ஒரு பிரிட்ஜ், ஒரு பழைய மின்விசிறி, கைகழுவும் தொட்டி, அவ்வளவுதான். பழுத்த வாடை முதலில் இனிப்பாக இருந்தது, பிறகு புளிப்பாக, பிறகு வேறு ஏதோவாக. மனைவி முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நசுங்கியதைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டே இருந்தாள். மச்சான் தினமும் காலையில் வேனில் புதுப் பெட்டிகளோடு வந்தார். பின்னறைக்குக் கொண்டுபோய் இறக்கும்போது நேற்றைய பெட்டிகளைப் பார்ப்பார். முந்தாநாள் பெட்டிகளையும் பார்ப்பார். புதுச்சட்டை இப்போது போடுவதில்லை.

ஒருநாள் மட்டும் கேட்டார். "விக்கும்ல மாப்ளே?"

"விக்கும் மச்சான்."

"இன்னும் காய் இருக்கு செடியில."

"தெரியும்."

"நிறுத்தச் சொன்னா நிக்கற ஜாதியா அது" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். தங்கை வாளியோடு அவரைத் தாண்டி வெளியே போனாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கடைசியில் சித்தப்பாவிடம்தான் போக வேண்டியிருந்தது. ஒரு காலைப்பொழுது, பறித்தது எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு அவனும் மச்சானும் மொத்த மார்க்கெட்டுக்குப் போனார்கள். முட்டைக்கோஸ் தழையும் சேறும் மிதிபட்ட நடைபாதை, காதடைக்கிற கூச்சல், சித்தப்பா கடை வாசலில் தரையில் உட்கார்ந்து தக்காளியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த நாலைந்து பெண்கள். அவர் மூக்கில் கண்ணாடியும் காதில் பேனாவுமாக அப்படியே இருந்தார். பல்தான் இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தது.

"வாடா ஒருவிலை! எங்க இந்தப் பக்கம்? வழி தவறிட்டியா, வாடிக்கை தவறிடுச்சா?"

"சரக்கு கொண்டாந்திருக்கேன் சித்தப்பா."

ஒரு பெட்டியை இறக்கச் சொன்னார். ஒரு தக்காளியை எடுத்து அழுத்தினார், கடித்தார், சாறு மோவாயில் வழிய மென்றார். கொஞ்ச நேரம் அவர் முகத்தில் வியாபாரம் இல்லை. பிறகு வந்துவிட்டது. ஒரு விலை சொன்னார். சாதாரணத் தக்காளி விலைக்கும் ஒரு படி கீழே.

"என்ன சித்தப்பா, மருந்தில்லாத காய் இது."

"அதான்டா கொறையுது. மருந்தில்லாத காய் ரெண்டு நாள் தாங்குமா? லாரி ஏறி ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள தண்ணியாப் போயிடும்."

அநியாயம் என்றான் அவன். தலையில் கையை வைத்தான். பெட்டியை வேனில் திருப்பி ஏற்றப்போவதுபோலப் பாவனை செய்து நாலு எட்டு நடந்தான். சித்தப்பா கூப்பிட்டார். திரும்பி வந்தான், மறுபடி போனான். எத்தனையோ காலத்துக்குப் பிறகு எதிரே பேசத் தெரிந்த ஒரு மனிதர் நின்றார். உடம்பெல்லாம் சூடேறியது, குரல் உயர்ந்தது, அவனுக்கே தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தான். துளியூண்டு ஏற்றி வாங்கிவிட்டான். ஜெயித்த முகத்தோடு மச்சான் பக்கம் திரும்பினான். மச்சான் பெட்டிகள் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அந்தப் பெண்கள் அவருடைய தக்காளிகளை மற்றத் தக்காளிக் குவியலில் கொட்டிக் கையால் பரப்பிவிட்டார்கள். கொட்டிய மறுநிமிடம் எது எதென்று அவருக்கும் தெரியவில்லை.

தரம் பிரித்த பெண்களுக்குப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள் தனியாக இருந்தன. வெடித்தவை, குள்ளமானவை, ஓட்டை விழுந்தவை.

"இது மாட்டுக்கா சித்தப்பா?"

"மாட்டுக்கா! அந்தக் காலமெல்லாம் போயாச்சு. இதுக்குத்தான்டா இப்ப கிராக்கி. உன்னை மாதிரி கடைக்காரங்க, உங்க தெருமுனைப் பெரிய கடைக்காரன், எல்லார்கிட்டேருந்தும் ஆள் வருது, இயற்கைக் காய்னு சொல்லி விக்க. மருந்துல குளிச்சும் சாகாத பூச்சி கடிச்ச காய்டா. கெட்டிக்காரப் பூச்சி. அதுக்குத்தான் காசு." சிரிக்க ஆரம்பித்தவர், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தோளில் கைவைத்தார். "நெசமாவே வெளைய வெச்சு விக்கறவன் எனக்குத் தெரிஞ்சு நீ ஒருத்தன்தான். உங்கப்பன் உன்னை இவ்வளவு வெள்ளந்தியா வளக்கலியேடா. எடுத்துட்டுப் போ, ரெண்டு பெட்டியும். எனக்கு ஒண்ணும் வேணாம். கடையைத் தக்க வெச்சுக்கோ."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் சுமை தூக்குகிறவர் ஒருவர் பெட்டிகளை வேனில் ஏற்றிவிட்டார். ஏற்றியதை இறக்கச் சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியில் மச்சான் சன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். சாலை திரும்பும்போதெல்லாம் பின்னால் அந்த இரண்டு பெட்டிகளும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்து இடித்தன. காலி வேனில் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"அது எதுக்கு மாப்ளே?"

"சித்தப்பா சும்மா குடுத்தாரு. கழிவு."

அவர் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "மொத வருஷம் நம்மளுது இப்படித்தான் இருந்துச்சு, இல்ல?" என்றார். குரலில் குற்றம் ஒன்றும் இல்லை. "ஜனங்க சண்டை போட்டுக்கிட்டு வாங்குனாங்க."

கொஞ்ச தூரம் போனதும், "அந்த மருந்துக்கடைகிட்ட நிறுத்து" என்றார்.

அவர் சொன்னது ஆஸ்பத்திரி மருந்துக்கடை அல்ல. வாசலில் மஞ்சள் நிற டப்பாக்களை முதுகுவார்களோடு மாலைபோலக் கோத்துத் தொங்கவிட்டிருந்த கடை. அவன் நிறுத்தாமல் கொஞ்சம் தாண்டிப் போனான். பிறகு நிறுத்தினான்.

"மச்சான், இன்னும் ஒரே ஒரு போகம் பாக்கலாம்."

"பொதுச் சந்தையிலதான் கொட்டணும்னா எல்லாரையும் மாதிரி வெளைய வைக்கறேன். தாங்கவாச்சும் தாங்கும்."

"டாக்டரு சொன்னது…"

"மூக்கைக் கட்டிக்கறேன்." கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார். "அவகிட்ட இப்பச் சொல்லாத. சாப்பாட்டு நேரத்துல சொன்னா சாப்பிடமாட்டா. நான் பஸ்ல வந்துடறேன், நீ கெளம்பு."

அவன் கிளம்பவில்லை. வேனின் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான். மச்சான் கடை வாசலில் நின்று ஒரு டப்பாவின் வாரைத் தோளில் போட்டுப் பார்த்தார். நீளம் சரியில்லைபோல. கடைக்காரர் பின்னால் வந்து நின்று சரி செய்துவிட்டார். விலை கேட்டதாகத் தெரியவில்லை.

கடையில் மனைவி பின்னறையைக் கழுவிவிட்டுத் தரை காய்வதற்காக மின்விசிறியைத் தரையைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள். இரண்டு பெட்டிகளை அவன் உள்ளே கொண்டு வந்து வைத்தபோது குனிந்து பார்த்தாள். ஒன்றை எடுத்து முகர்ந்தாள். எங்கேயிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

"அண்ணன் எங்க?"

"வழியில எறங்கிட்டாரு."

"எங்க?"

அவன் ஈரத்துணியை எடுத்துப் பலகையைத் துடைக்க ஆரம்பித்தான். மேலிருந்து கீழாக, ஓரம் விடாமல், வெகு கவனமாகத் துடைத்தான். அவள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பெட்டியை இழுத்துக் கூடையில் ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினாள். கை பழகியபடியே ஓட்டை விழுந்த பக்கம் மேலே வந்தது.

வாசல் வெளிச்சத்தை யாரோ மறைத்தார்கள். கண்ணாடிக்காரம்மா. இளைத்திருந்தார். கூடையைப் பார்த்ததும் நின்றார். குனிந்து ஒன்றை எடுத்தார். வெடிப்பின்மேல் கட்டைவிரலால் தடவினார், குழந்தையின் முட்டியில் காயம் ஆறிவிட்டதா என்று பார்ப்பதுபோல.

"வந்துடுச்சா பழைய தக்காளி?" என்றார். "அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. அந்தப் பெரிய கடைச் சாறு வேணாங்கறாரு, உங்க கடைதான் வேணுமாம்."

அவன் கையில் சாக்பீஸ் இருந்தது. வியர்வையில் நனைந்து விரலில் ஒட்டியது. கொஞ்சம் குறைத்துத் தரக்கூடாதா என்று அவர் ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்றிருந்தது. கேட்டால், முடியாது என்று சொல்லலாம். கோபப்படலாம். கட்டாது, எடுக்காதீர்கள், போங்கள் என்று கத்தலாம். ஒரு வார்த்தை, ஒரு முகச்சுளிப்பு, அநியாயமாக இருக்கிறதே என்கிற ஒரு முனகல்.

அவர் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஓட்டை பெரிதாக இருந்தவற்றை முதலில் எடுத்தார். மனைவி கூடைக்கு அந்தப் பக்கம் இரண்டு கைகளிலும் இரண்டு தக்காளிகளோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

மின்விசிறிக் காற்று பின்னறையிலிருந்து வந்துகொண்டிருந்தது. பலகை மூலையிலிருந்து காய ஆரம்பித்தது. ஈரக் கறுப்பு விலக விலக, பழைய விலை மங்கலாக, பிறகு வெள்ளையாக, தானாகவே மேலே வந்தது. கண்ணாடிக்காரம்மா நிமிர்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைப் படித்தார். சரி என்பதுபோலத் தலையாட்டிவிட்டுப் பையைத் திறந்தார்.